காலில் ஏறிய ஊசியைக் காந்தம் வெளியே இழுக்காது

"தையல் ஊசி காலில் ஒடிந்தால் காந்தத்தை வைத்துத் தேய்த்தால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போனால் காலையே கிழித்துவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, தயவுசெய்து யாரும் செய்துபார்க்காதீர்கள். தேய்க்கிற அழுத்தத்தில் ஊசி இன்னும் ஆழமாகப் போகலாம். கிழித்துவிடுவார்கள் என்ற பயமும் பெரும்பாலும் வேண்டாதது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரே படத்தில் ஆழம் தெரியாது. அப்புறம் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சி-ஆர்ம் என்ற, உடனுக்குடன் படம் காட்டும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடியே சின்னக் கீறல் வழியாக இடுக்கியை விடுவார்கள். இடுக்கியின் நுனி ஊசியைத் தொடுவதுகூடத் திரையில் தெரியும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் மட்டும் கூடாது, அந்தக் கருவியில் உள்ள மிக வலுவான காந்தம் எஃகு ஊசியைச் சதைக்குள்ளேயே நகர்த்திவிடக்கூடும்.