எத்தனை சிசி என்று கடைசியில் கேளுங்கள்

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் பழைய ஹோண்டா கப் மோட்டாரை மண் பாதையில் ஓடும் ஸ்கிரம்பளராக மாற்றும் பையன்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களோடு சண்டை. "எத்தனை சிசி?" என்று எஞ்சின் அளவைத்தான் எடுத்தவுடன் கேட்கிறார்கள்.

என் அக்கா மகனும் அப்படித்தான் வந்தான். அவன் தாத்தா ரப்பர்ப் பால் மரம் சீவப் போன சி70 கப், தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. "மாமா, இதுல ஆர்எக்ஸ்இசட் எஞ்சின் ஏத்திடலாமா?" என்றான்.

யமஹாவின் ஆர்எக்ஸ்இசட் நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். சி70இல் எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் ஃப்ரேமில் தொங்குகிறது. நிமிர்ந்ததை அங்கே நுழைக்க ஃப்ரேமை அறுத்து ஒட்ட வேண்டும். அது மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த ஃப்ரேம். மழை அரித்த செம்மண் பாதையில் வண்டி குதித்து இறங்கும்போது அந்த ஒட்டு விட்டால், பையன் கையில் ஹேண்டில் மட்டும்தான் மிஞ்சும். போதாததற்கு, பிரேக்கும் அந்தக் காலத்துச் சின்ன டிரம்.

அதனால் ஹோண்டாவின் பிற்காலக் கப்பான இஎக்ஸ்5இன் எஞ்சினைத் தேடச் சொன்னேன். 1958இல் வந்த சூப்பர் கப் வம்சம்தான் இரண்டும். பழைய கார்புரேட்டர் இஎக்ஸ்5 எஞ்சின், சி70இன் அதே இரண்டு நீள போல்ட்டில் உட்கார்ந்துவிடும். அறுக்கவே வேண்டாம். 72 சிசி இருந்த இடத்தில் 97 சிசி, மூன்று கியருக்குப் பதில் நான்கு. தோட்டத்து மேட்டுக்கு இது தாராளம்.

வேலை வாங்கியது வயரிங்தான். எங்கள் சி70 பழைய 6 வோல்ட், வந்த எஞ்சின் 12 வோல்ட். பல்பு, ஹாரன், பேட்டரி, ரெக்டிஃபையர் எல்லாம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பல்பு எரிந்து போகும். ஒவ்வொரு வயரையும் நிறம் பார்த்து அவன் நோட்டில் வரைந்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வராது என்று சொல்லப்பட்ட பையன். மூன்று இரவு என் பட்டறையில் உட்கார்ந்து அந்தப் படத்தை முடித்தான். இவனைப் போன்றவர்களைத்தான் பார்த்தவுடன் சாலையில் ரேஸ் விடும் ரெம்பிட் என்று ஒதுக்குகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேடு ஏறாவிட்டால் பெரிய எஞ்சின் வேண்டும் என்று ஓடாதீர்கள், முதலில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லை எண்ணுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் 14, பின் 42 என்றால், முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். இந்த வண்டியில் கிளட்ச் லீவர் கிடையாது. மேட்டில் கிளட்சைப் பிடித்து ரெய்ஸ் ஏற்றிச் சமாளிக்க முடியாது என்பதால் பல் கணக்கு இன்னும் முக்கியம். அப்புறம் செயின் நேராக ஓடுகிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

எஞ்சின் வாங்கும்போது ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பெசி புரோக் (பழைய இரும்பு) கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் எஞ்சினில் அடித்திருக்கும் நம்பரை யாரோ தேய்த்து அழித்திருந்தார்கள். யாரோ ஒருவரின் பிழைப்புக்கான மோட்டாரிலிருந்து திருடிக் கழற்றியதாகத்தான் இருக்கும். திருப்பிக் கொண்டுபோனால் பணம் தர மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எஞ்சின் நம்பரும் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டும் ஒத்துப்போனால்தான் காசை எடுக்கிறேன். மாற்றிய வண்டி பொதுச் சாலைக்கு வர வேண்டுமென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் முறைப்படி அனுமதி வாங்கி, கிராண்டில் புது எஞ்சின் நம்பரைப் பதிய வேண்டும். அதுவரை எங்கள் வண்டி சாலையைத் தொடாது என்று பையனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன ஞாயிறு செம்பனைக்கு நடுவே உள்ள மேட்டில், ஈர மண்ணிலேயே, இரண்டாவது கியரில் ஏறிவிட்டான். பின்னால் கட்டை கட்டையாகப் பூ வெட்டிய டயர், மலாய்க்காரர்கள் பூங்ஙா தாஹு என்பார்களே, அதுதான். முன்னால் இன்னும் பழைய 17 இஞ்ச் ரிம்தான் ஓடுகிறது. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் யாரிடமாவது வளையாத 19 இஞ்ச் முன் ரிம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நானே பையனைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்து, நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.