பெல்ட்டா டைரக்ட்டா: என் ஓட்டு எதுக்குன்னா

ரெக்கார்ட் பிளேயர் என்றால் பெல்ட் டிரைவ் தான் உசத்தி, அதில்தான் பாட்டு இதமாக இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினீர்கள்?

நான் எட்டு வருஷம் பெல்ட் மிஷின் வைத்திருந்தவன், அதுவும் கிருஷ்ணகிரியில். ஊரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தச் சண்டை நடக்கிற இடத்திலெல்லாம் காதை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள், வெயில், கரண்ட், ரிப்பேருக்கு ஆள் இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: பெல்ட் டிரைவில் மோட்டார் ஓரமாக நிற்கும், ஒரு ரப்பர் பெல்ட் பிளாட்டரை (ரெக்கார்டு உட்காருகிற தட்டு) சுழற்றும், மோட்டாரின் அதிர்வைப் பெரும்பாலும் அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சேதான் பிளாட்டரின் அச்சு, மோட்டாரே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான், எல்பி ரெக்கார்டுக்கு வேண்டிய வேகம் அது. மூன்றாவதாக ஒன்று உண்டு, மோட்டாருக்கும் பிளாட்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசி ஓட்டுகிற ஐட்லர். காவேரிப்பட்டினம் பக்கம் மைக்செட் வைத்திருந்த என் மாமா கடைசி வரை அதில்தான் ஓட்டினார். பெல்ட்டைக் காட்டியபோது, "என்ன மாப்ள, தையல் மிஷின் மாதிரி இருக்கு" என்றார், அதோடு சரி.

என் பெல்ட் மிஷின் நியூஜெர்சியில் இருந்து பெரியப்பா மகன் கொண்டுவந்தது. 110 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஆச்சு என்று நினைத்தேன். ஒரு எல்பியைப் போட்டு முள்ளை வைத்தால் சுசீலா அம்மா ஜுரம் வந்து எழுந்த மாதிரி பாடுகிறார். 5½ கட்டை சுருதியில் வர வேண்டியது 4 கட்டையில் வருகிறது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை மாறி மாறி ஓடுகிறது என்கிற கணக்கு) ஒன்றும் செய்யாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மோட்டாரின் வேகம் கரண்ட்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அங்கே 60, இங்கே 50. ஆக 33⅓ சுற்ற வேண்டியது 27.8 தான் சுற்றும்.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் முனையில் இருக்கிற சின்னப் பித்தளைக் கப்பியைக் கழற்றிக் காட்டினேன், 10 மி.மீ. குறுக்களவு. 60க்கு 50, ஆறுக்கு அஞ்சு கணக்கு, வேகம் குறைந்த அளவுக்குக் கப்பி பெருக்க வேண்டும், அப்போ 12 மி.மீ. கடைந்து தாங்கண்ணா என்றேன். அவர் கேட்டார், "பெல்ட்டோட கனம் சேர்த்தீங்களா?" நான் பெரிய மேதாவி மாதிரி, அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டி, ஸ்ட்ரோப் அட்டையைப் பிளாட்டர் மேல் வைத்தேன். 180 கோடு போட்ட அட்டை அது, வேகம் சரியாக இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும். (பழைய சோக் வைத்த டியூப்லைட்டாக இருக்க வேண்டும், இப்போது வருகிற எல்இடியை நம்ப முடியாது. அதற்காகவே சமையலறையில் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.) கோடு நிற்கவில்லை. நொடிக்கு ஒரு கோடு பின்னால் நகர்கிறது. கிட்டத்தட்ட 1% குறைவு. பெல்ட்டின் கனம் 0.6 மி.மீ., அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கப்பி 12.12 மி.மீ. இருந்திருக்க வேண்டும். மறுபடி போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே இன்னொன்று கடைந்து கொடுத்தார்.

அப்புறம் பெல்ட். ஏப்ரல், மே வெயிலில் மாடி அறையில் இருந்த அந்த ரப்பர் இரண்டே வருஷத்தில் தொளதொளத்துப் போனது. ஸ்டார்ட் பண்ணினால் பிளாட்டர் யோசித்து யோசித்துக் கிளம்பும். பழைய டேப் ரெக்கார்டர் ரிப்பேர்க்காரர்கள் செய்கிற மாதிரி வெந்நீரில் போட்டு எடுத்தேன், நாலு நாள் தாங்கியது. நம் ஊரில் அந்த அளவுக்குப் பெல்ட் கிடைக்காது, பெங்களூரில் கடை கடையாகக் கேட்டு அதுவும் இல்லாமல் ஆன்லைனில் வரவழைத்தேன். வந்தது அரை இஞ்ச் சின்னது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினால் மோட்டார் உர்ரென்று முனகும், என்னுடையது சதுர அலை இன்வெர்ட்டர்.

இப்போது டைரக்ட் டிரைவுக்கு மாறி மூன்று வருஷம். குவார்ட்ஸ் பூட்டு வைத்தது, வேகத்தை உள்ளே இருக்கிற படிகம் பார்த்துக்கொள்கிறது, வெளியே 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று அதற்குக் கவலையே இல்லை. இது ஜப்பான் சரக்கு, 100 வோல்ட். இதற்கு நிஜமாகவே டிரான்ஸ்பார்மர் மட்டும் போதுமாக இருந்தது. லேத் அண்ணனுக்கு வேலை இல்லாமல் போச்சு.

சத்தத்துக்கு வருவோம். டைரக்ட் டிரைவ் மோட்டார் விட்டுவிட்டுத் தள்ளும், அது பாட்டில் கேட்கும் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. டெக்னிக்ஸ் கம்பெனி 1970இல் எஸ்பி-10 என்கிற டைரக்ட் டிரைவ் மிஷினைக் கொண்டுவந்த காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஏதாவது அர்த்தம் இருந்திருக்கலாம். 1979இல் வந்த அவர்களுடைய இன்னொரு டைரக்ட் மிஷின் எஸ்எல்-1200எம்கே2வுக்குக் கம்பெனி சொன்ன வேக நடுக்கம் 0.025%. உங்கள் ரெக்கார்டின் நடு ஓட்டை 1 மி.மீ. தள்ளி இருந்தால், முள் நடுவிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் ஓடும்போது வேகம் 1% ஏறி இறங்கும். நம் பழைய ரெக்கார்டுகளில் முள்ளைத் தாங்குகிற கை, அதாவது டோன் ஆர்ம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சலாடுவதைப் பார்த்ததில்லையா? அதை எந்த டிரைவும் சரி செய்யாது. அதை விட்டுவிட்டு 0.025ஐப் பிடித்துத் தொங்குகிறோம். நல்ல பெல்ட் மிஷினும் நல்ல டைரக்ட் மிஷினும் ஒரே மாதிரி கார்ட்ரிட்ஜோடு (முள் மாட்டியிருக்கிற சின்னப் பெட்டி) பக்கத்துப் பக்கத்தில் ஓடினால், கண்ணைக் கட்டிவிட்டால் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சந்தோஷம்.

டைரக்ட்டில் வில்லங்கம் இல்லாமல் இல்லை. ஒரு நண்பர் என்னைப் பார்த்து செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார், ஆறாவது மாதம் வேகம் காட்டுத்தனமாக ஓட ஆரம்பித்தது. கெபாசிட்டர் மாற்றிப் பார்த்தாயிற்று. மோட்டாரை ஓட்டுகிற ஐசி சிப் போயிருக்கிறது, அந்த ஐசி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. மிஷின் இப்போது அவர் வீட்டில் பூச்சாடி ஸ்டாண்ட். பெல்ட் என்றால் தேடியாவது மாட்டிவிடலாம், இது அப்படி இல்லை. அதனால் பழையதை வாங்குகிறவர்கள் அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பிளாட்டர் ஓரத்தில் இருக்கிற ஸ்ட்ரோப் புள்ளிகள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு காசை எடுங்கள். புதிதாக, குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறீர்கள் என்றால் பெல்ட்டே வாங்குங்கள், அந்த விலைக்கு வருகிற டைரக்ட் மிஷின்களைவிட ஒழுங்கான பெல்ட் மிஷின் மேல். கூடவே இரண்டு பெல்ட் சேர்த்து வாங்கி, பீரோவில் வையுங்கள், மாடியில் வேண்டாம்.

இன்னொன்று, எது வாங்கினாலும் அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பது முக்கியம். என் வீடு பெங்களூர் ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ராத்திரியில் கல் லாரி போனால் ஜன்னல் கண்ணாடி பேசும், முள்ளுக்கும் அது கேட்கும். கிரானைட் கட்டிங் பட்டறையில் ஓரம் உடைந்த கறுப்புப் பலகை ஒன்று டீ செலவுக்குக் கிடைத்தது. நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? பலகைக்கு அடியில் பாதிக் காற்று அடித்த ஸ்கூட்டர் ட்யூப். பார்க்க அசிங்கமாக இருக்கும், வீட்டில் திட்டு விழும். லாரிச் சத்தம் ஸ்பீக்கரில் வருவது நின்றது.

அந்த பெல்ட் மிஷின் இன்னும் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. தர்மபுரி, ஓசூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாங்க. 12.12 கப்பியோடு தருகிறேன், 12ஐயும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம். பெல்ட் மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.