கோடெக்ஸிலும் ஓட்டுதான்
உலகுக்கே பொதுவான உணவுத் தரங்களை வகுக்கும் ஐ.நா. சார்ந்த அமைப்பு கோடெக்ஸ். அதன் தரங்கள் அறிவியல் அடிப்படையில் ஒருமனதாக முடிவாகின்றன, நாடுகள் அப்படியே ஏற்கின்றன என்கிறது ஒரு கட்டுரை. முதல் பாதியே இடிக்கிறது. பன்றிக்கும் மாட்டுக்கும் கொழுப்பைக் குறைத்துச் சதை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் ராக்டோபமைன் என்ற மருந்து இறைச்சியில் இவ்வளவு வரை மிஞ்சலாம் என்று 2012இல் ரோமில் கோடெக்ஸ் வரம்பு வைத்தது ஓட்டெடுப்பில்தான்: 69க்கு 67! தோற்ற ஐரோப்பிய ஒன்றியம் தன் தடையை இன்றும் விடவில்லை. சரி, தைவான்? அமெரிக்காவோடு வர்த்தகம் பேசியாக வேண்டுமே, 2021 ஜனவரியில் ராக்டோபமைன் கொடுத்து வளர்த்த பன்றி இறைச்சிக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே பன்றிக் குடலை வாரி வீசினார்கள். ஈரல், குடல் எல்லாம் விரும்பிச் சாப்பிடும் ஊரில் கோபம் வராதா என்ன? அங்கேயும் அப்படியே ஏற்கவில்லை. பன்றியின் சிறுநீரகத்தில் கிலோவுக்கு 90 மைக்ரோகிராம் வரை கோடெக்ஸ் விடுகிறது, தைவான் 40ஓடு நிறுத்திக்கொண்டது.