சிறை மனநல மருத்துவர் பணி: பரவும் தகவல் தவறானது

“உளவியல் பட்டத்துடன் குற்ற உளவியலில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தால் சிறையில் மனநல மருத்துவராகலாம்” என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி உண்மையன்று. மனநல மருத்துவர் முதலில் ஒரு மருத்துவர்; மருத்துவப் பட்டம், மனநல மருத்துவத்தில் சில ஆண்டுகள் நீளும் சிறப்புப் பயிற்சி, பணிபுரியும் நாட்டின் மருத்துவப் பதிவு ஆகியவை வெளியே எப்படித் தேவையோ அப்படியே சிறைக்குள்ளும் தேவை. சட்டம்சார் மனநல மருத்துவப் பயிற்சி அதற்கு மேல் சேரும் தகுதியே தவிர, அதற்கு மாற்று ஆகாது.

புதிதாக அடைக்கப்பட்ட ஒருவர் கை நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றினால், அது மனச்சிதைவா, அல்லது மது திடீரென நின்றதால் வந்த, உயிருக்கே ஆபத்தான நிலையா என்று பிரித்தறிந்து உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பில் கைவரும் வேலையல்ல இது.

கைதிகளை நடத்தும் முறை குறித்து 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதி, சமூகத்தில் கிடைக்கும் அதே தரச் சிகிச்சை கைதிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. 25ஆம் விதி உளவியல், மனநல மருத்துவம் இரண்டிலும் போதிய நிபுணத்துவத்தைக் கோருகிறது. உளவியலாளருக்கும் சிறையில் முக்கியப் பணி உண்டு, ஆனால் அது வேறு பதவி. ஐயமிருப்போர் அந்தந்தச் சிறைத்துறையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பையும் மருத்துவக் கவுன்சிலின் பதிவு விதிகளையும் பார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பிப் படிப்புக் கட்டணம் எதையும் செலுத்திவிடவும் வேண்டாம்.