அப்பத்தாவின் குரலும் அப்பத்தாவும்

கல்லறைத் திருநாளுக்காகத் தேவகோட்டைக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் செல்போனை என் கையில் கொடுத்தான். "சாப்பிட்டியாய்யா?" என்றது. அப்பத்தா குரல். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை எல்லாம் ஏதோ ஒரு செயலியில் ஏற்றியிருக்கிறான். கேட்டால் அவர் மாதிரியே பதில் சொல்கிறது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அவன் அடுத்துக் கேட்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை. "இன்னும் கொஞ்ச வருஷத்துல மூளையையே காப்பி எடுத்துருவாங்கண்ணே. அப்ப ஆன்மாவும் சேர்ந்துதானே வரும்?"

மனிதன் செய்த இயந்திரத்துக்கு ஆன்மா ஏது என்று நம் ஆட்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. பிள்ளையின் ஆன்மாவைப் பெற்றோரும்தான் செய்வதில்லை. ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதுதான் கத்தோலிக்கப் போதனை. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இல் எழுதிய சுற்றுமடலிலும் இது இருக்கிறது. அதே 1950இல்தான் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டுத் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை, அதனால் அது சிந்திக்காது என்ற ஆட்சேபத்தை அவரே எடுத்துவைத்துப் பதிலும் சொல்கிறார்: பிள்ளை பெறுகிறவர்கள் கடவுளின் படைக்கும் அதிகாரத்தைப் பறிப்பதில்லை, அவர் படைக்கும் ஆன்மாக்களுக்கு இருப்பிடம்தான் தருகிறார்கள், இயந்திரத்தை உருவாக்குகிறவர்களும் அப்படித்தான். இறையியல் வாதங்களில் தனக்குப் பெரிய மதிப்பில்லை என்றும் அதிலேயே எழுதியவர் அவர். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஒதுக்க முடியவில்லை. கடவுளால் முடியாது என்று சொல்ல நான் யார்?

ஆனால் தம்பி கேட்டது வேறு. அந்த நகல் அப்பத்தாவாக இருக்குமா என்பதுதான் அவன் கேள்வி. இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்பத்தா உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்தில் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல் விரிசல் விட்டு, மாற்ற வேண்டியிருந்தது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையாலேயே ஊற்றுவார்கள். அதே அச்சு, அதே பூ, அதே நிறத்தில் ஒரு கல் வாங்கி வந்து பதித்தோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பத்தாவின் கால் பட்டுத் தேய்ந்த கல் உடைந்தது உடைந்ததுதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் தனித்தனியாகத்தானே கொடுக்கிறோம்? நகலுக்கு ஒரு நாள் கடவுள் ஆன்மா தந்தாலும் அது வேறோர் ஆன்மா. அதற்கென்று தனிப் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, உடல். ஆன்மா உடலுக்குள் அடைபட்ட ஒரு தகவல் மூட்டை இல்லை, உடலை உயிருள்ள உடலாக ஆக்குவதே அதுதான் என்றார் இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். என் ஆன்மா மட்டும் நான் ஆகாது என்றும் எழுதியிருக்கிறார். வத்திக்கான் 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட குறிப்பும் மனித அறிவை உடலிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அப்பத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தினமும் சாயங்காலம் "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று சொல்லித்தான் செபமாலையைத் தொடங்குவார். சரீரம்! கடைசியில் மூட்டுவலியால் மடக்கவே முடியாமல் போன அந்தக் கால்களும் உயிர்த்தெழும் என்று நம்பித்தான் கண்ணை மூடினார்.

அன்று சாயங்காலம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போனது. தம்பிதான் குனிந்து உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றான். போனில் இருப்பது அப்பத்தா என்றால் யாருக்காகத் திரி அணையாமல் காத்தான்?

தம்பி, அந்தக் குரலை அழிக்கச் சொல்லவில்லை. எனக்கும் அனுப்பு, அந்தப் பழைய பதிவுகளை மட்டும். உன் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து "அப்பத்தாகிட்ட பேசு" என்று மட்டும் சொல்லாதே. "எங்க அப்பத்தா இப்படித்தான் பேசுவாங்க" என்று சொல்லு.