மூன்றாகக் குறைந்தால் புயல் போய்விட்டதா?

மில்டன் புயலைக் கேலி செய்யும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "அஞ்சுன்னு பயமுறுத்தினாங்க, மூணாத்தான் வந்துச்சு" என்று அந்த அண்ணன் சிரிக்கிறார். அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் டாம்பாவில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எண் குறைந்தால் ஆபத்து குறைந்ததாக அர்த்தமில்லை. 2024 அக்டோபர் 7 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மில்டன் கேட்டகரி 5, அதாவது புயல் வலிமை அளவின் உச்சப்படி, ஆனபோது காற்று மணிக்கு 285 கி.மீ. புயலின் கண் பத்து கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. அப்புறம் கண்ணைச் சுற்றிய மேகச்சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழும்பியது. அது ஈரக்காற்றை வழியிலேயே மடக்கிக்கொள்ள, உள்சுவர் பட்டினி கிடந்து கரைந்தது. உச்ச வேகம் இறங்கியது, ஆனால் காற்று வீசும் பரப்பு விரிந்தது. மறுநாளே திரும்பவும் 5!

அந்த இடைவெளியில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் மகனோடு தங்க வந்திருந்த மதுரை அம்மா, "நாலாயிருச்சாம்" என்று பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வாரம் முன்பு ஹெலீன் புயல் நனைத்த மெத்தைகள் தெருவோரம் இன்னும் கிடந்தன. என் மனைவிதான் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்து அவரைக் கையோடு கூட்டி வந்தாள். இப்போது அதே அம்மா அந்தக் காணொளியை எனக்கு அனுப்பி, "அன்னைக்கு வீணா அலைஞ்சோம்ல" என்கிறார். மனசு கேட்கவில்லை.

"டாம்பாவுக்குள் கடல் வரவில்லையே" என்பீர்கள். சரி, வரவில்லை. புயலின் கண் டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியதால் காற்று டாம்பா விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளியது. கடல் இன்னும் தெற்கே, ஃபுளோரிடாவின் வெனிஸ் ஊர்ப் பக்கம் ஏறியது, அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அந்த 'வெறும் மூணு' செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, டிராபிகானா மைதானக் கூரையைக் கிழித்தது. அது கரையேறும் முன்பே, ஃபுளோரிடாவின் மறுகரையில் செயின்ட் லூசியில் அது கிளப்பிய சுழற்காற்று (டொர்னேடோ) ஆறு பேரைக் கொன்றது.

அதிகமாகப் பயமுறுத்தினால் அடுத்த முறை நம்பமாட்டார்களாம். நம்பிக்கையைக் கெடுப்பது எச்சரிக்கை விடுப்பவரா, அதைக் கேலி செய்பவரா? 2005இல் கத்ரீனா புயலும் வளைகுடாவில் 5, கரையில் 3. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்கள் வீட்டாரிடம் போய் இதே சிரிப்போடு சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜூன் 1 அன்று அடுத்த பருவம் தொடங்குகிறது. அதற்குள் அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள் அண்ணா. அந்த அம்மா நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வதைத்தான் நம்புகிறார்.