கடைமடைப் பிள்ளைகள் எழுதும் இயற்கை

காவிரி டெல்டா பிள்ளைகளிடம் இயற்கையைப் பற்றி எழுதச் சொன்னால் அருவி, மலைமுகடு, பனித்துளி என்றுதான் பெரும்பாலும் வருகிறது. வீட்டுக் கொல்லையை ஒட்டி ஓடும் வாய்க்கால் அதில் இருப்பதில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. முன்னுரை, முடிவுரை போட்டு, 'மரம் வளர்ப்போம்' என்று முடித்தால் முழு மதிப்பெண் என்று பழக்கியவர்கள் நாம்தான்.

சமீபத்தில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு வந்த தாள்களைப் படிக்கக் கிடைத்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாச்சு என்று டிவியில் சொன்னார்கள், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை, வந்தால்தான் அம்மாவுக்கு நடவு வேலை. தலைப்பை விட்டு விலகிவிட்டது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம் எத்தனையோ மதகு தாண்டி, பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடைக்கு வருகிற தண்ணீர் அது. அதற்காகக் காத்திருப்பதை எழுதாமல் ஒரு கடைமடைப் பிள்ளை வேறு எதை எழுத வேண்டும்?

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, மரம், பறவை, பறை இவற்றோடு தொழிலையும் கருப்பொருளில் சேர்த்தது. மனித உணர்வை உரிப்பொருள் என்று வைத்தது. நாற்று நடுகிற கை இல்லாமல் நம் இலக்கணத்தில் வயல் நிலமான மருதமே கிடையாது. மருதத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைகள் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள்.

பண்பாடு என்றாலும் ஆடிப்பெருக்கும் மயிலாடுதுறைத் துலா முழுக்கும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அவை வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால் ஆற்றில் வெறும் மணல் கிடந்த வருஷங்களில் போர்வெல் தண்ணீரை வைத்துப் பதினெட்டாம் பெருக்குக்குப் படைத்ததையும் பிள்ளை எழுதட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னந்தோப்பில் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்ததை எழுதட்டும். எந்தப் படித்துறையில் யார் இறங்கக் கூடாது என்றிருந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருந்தால், அதுவும் அந்த ஆற்றின் கதைதான். அழகை மட்டும் எழுது என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைப் படிக்கும் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு முறை முன்னுரை, முடிவுரை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வாய்க்காலின் பெயர் என்ன, எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், வயலில் இப்போது என்ன பறவை இறங்குகிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறையுங்கள், சரி. அம்மாவின் வேலையை எழுதியதற்குக் குறைக்காதீர்கள்.